கரிசல் சீமை – 9: பிடி அரிசிச் சேகரம்

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு குக்கிராமத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கும். ஊர் நடுவில் ஒரு தேவாலயம். அதன் பழைய பெட்டியில், ஊரில் யார் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், யாரை எந்தத் தேதியில் புதைத்தார்கள் என்று சொல்லும் பதிவேடு. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட உத்தரவால் வந்த ஏற்பாடு அது. மதுரையில் நாயக்கர் ஆட்சி காலூன்றிக்கொண்டிருந்த நாட்களில், அங்கே பாதிரியார்கள் வாராவாரம் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

பதிவேடு சேகரம் என்ற ஏற்பாட்டின் ஒரு பங்குதான். ஒரு கோயிலும் அதன் குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதியும் சேர்ந்ததே சேகரம். விளைச்சலில் பத்தில் ஒன்று குருவுக்குப் போய்ச் சேர வேண்டும், அது தசமபாகம். அதற்கு மேல் அவர் உழுது சாப்பிட கோயில் நிலம் தனியே உண்டு. 1555இல் வந்த சட்டம் ஊர்ச் சாலையைச் செப்பனிடும் பொறுப்பை அந்தந்தச் சேகரத்தின் தலையில் கட்டியது. 1601இல் வந்த ஏழைகள் சட்டம், ஊரில் கதியற்றவர்களுக்குச் சோறு போட வீட்டுக்கு வீடு வரி வசூலிக்கச் சொன்னது. இத்தனையையும் கவனித்தது கோயிலின் பக்க அறையில் கூடிய ஊர்க்கூட்டம். வருஷத்துக்கு ஒரு நாள் குருவும் சனங்களும் ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு எல்லைக் கல்லையும் சிறுவர்கள் கையிலுள்ள குச்சியால் அடிப்பார்கள். எல்லை எது என்பது அடுத்த தலைமுறைக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த எல்லைக்குள் யார் பிறந்தாலும், கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும், அந்தச் சேகரத்து ஆள்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட சேகரங்களால் தைத்த நாடு அது.

எம். புதுப்பட்டிக்கு இதே போல ஒரு வரலாறு எழுதலாமென்றால் எந்தப் பெட்டியைத் திறப்பது? சிவகாசியை ஒட்டிய கரிசல் ஊர். புதுப்பட்டி என்ற பெயரில் இந்த வட்டாரத்தில் பல ஊர்கள் இருப்பதால் தலையெழுத்துப் போட்டுத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். வத்திராயிருப்புப் பக்கம் உள்ளது வ. புதுப்பட்டி, இது எம். புதுப்பட்டி. இந்தப் பகுதியில் ஒரு ஊரின் கதை ஒரே பெட்டிக்குள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நிலக் கணக்கு கர்ணம் வீட்டில். தீர்வை வசூல் மணியக்காரர் கையில். காவல் தலையாரிக்கு. கண்மாய்த் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது என்பது மடைக்காரருக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்குச் சாட்சி சொந்தபந்தம். செத்தால் புதைக்கவோ எரிக்கவோ ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு இடம்.

சாமி விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஊருக்குப் பொதுவாக மாரியம்மன் உண்டு, காளியம்மன் உண்டு. பொங்கல் வைத்து முளைப்பாரி எடுக்கும்போது ஊர் ஒன்றாகத்தான் கூடும். ஆனால் பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்து ஊர் எதற்குள் நுழைந்து பார்த்தாலும் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஒரு வகையறா ஆற்றங்கரை அய்யனாருக்குப் போயிருக்கும். பக்கத்து வீட்டு வகையறா நாற்பது மைல் தள்ளி வேறொரு சாஸ்தாவுக்கு வண்டி கட்டியிருக்கும். சிவராத்திரிக்குப் போகிற குடும்பங்கள் வேறு. இங்கிலாந்துக் கிராமத்தில் பெரிய நாள் என்றால் எல்லோரும் ஒரே கோயிலுக்குள் அடைவார்கள். இங்கே பெரிய நாளில் ஊர் கலைந்து தத்தம் குலதெய்வத்திடம் போகும். நீ எந்த ஊர் என்ற கேள்விக்கு மண்ணைக் காட்டுவது அவர்கள் வழக்கம். இங்கே அதற்கு அடுத்தபடியாக, சில நேரம் அதற்கும் முந்தி, எந்தக் கோயில் கும்பிடு என்ற கேள்வி வந்துவிடும்.

இப்படிப்பட்ட சீமைக்குத்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத் திருச்சபை தன் சேகரத்தைக் கொண்டுவந்தது. அது இங்கே என்ன ஆயிற்று என்பதே இந்தப் பகுதியின் கதை.

*

அன்றைக்கு இந்த ஊர்களெல்லாம் திருநெல்வேலி ஜில்லா. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களைப் பிரித்து, மதுரையிலிருந்து எடுத்த பகுதிகளோடு சேர்த்து ராமநாதபுரம் ஜில்லா ஆக்கியது 1910இல். அதிலிருந்து விருதுநகரைத் தலைநகராக்கித் தனி மாவட்டம் வந்தது 1985இல். ஆகவே இங்கு வந்த மிஷனெரிகளுக்கு இது ‘வட திருநெல்வேலி’.

தெற்கே கதை வேறாக இருந்தது. தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் 1799இல் முதலூர் தோன்றியதிலிருந்து கிறிஸ்தவ ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்ற ஜெர்மானியர், சபையில் சேர்ந்ததற்காக வீடு வாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கவே 1830இல் தர்ம சங்கம் ஒன்றை உண்டாக்கினார். ஊர்ச் சபைகளில் போதிக்கிற உபதேசியார்களுக்கு யார் எந்த முறைப்படி குருப்பட்டம் கொடுப்பது என்பதில் அவருக்கும் சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனெரி சங்கத்துக்கும் பிணக்கு ஏற்பட்டு, 1835இல் சங்கம் அவரை நீக்கியது. ஆங்கிலத் திருச்சபையின் அச்சில்தான் வார்க்க வேண்டும் என்றது லண்டன். மண்ணுக்கேற்ற அச்சு போதும் என்றார் ரேனியஸ். அவர் 1838இல் காலமானார். வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை.

வடக்கே, கரிசல் காட்டில், இந்தச் சலசலப்பு ஏதும் எட்டவில்லை. பருத்தியும் கம்பும் சோளமும் விளைகிற மானாவாரி நிலம். இங்கே மிஷன் பங்களா கட்டி உட்கார்ந்து ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு.

கணக்கு அவருக்குக் கைவந்த கலை. 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, லிவர்பூலில் வியாபாரம் செய்த உறவினரின் கணக்கு மேஜையில் வேலை பழகியவர். பிறகு கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி. 1841ஆம் வருஷக் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே நான்காம் இடம். உடனே அந்தக் கல்லூரியின் ஃபெலோ பதவி.

அந்தப் பதவியின் அருமை இங்குள்ளவர்களுக்கு எளிதில் விளங்காது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு கல்லூரிகள் ஒவ்வொன்றின் கையிலும் நாட்டுப்புறத்துச் சேகரங்கள் சில இருந்தன. அங்கே குருவாக யாரை வைப்பது என்ற உரிமை கல்லூரிக்கு. ஃபெலோக்கள் கல்யாணம் செய்யக் கூடாது. ஆனால் மூப்பு வரிசையில் காத்திருந்தால் ஒரு நாள் ஏதாவது கிராமத்துச் சேகரம் காலியாகும். போய் அமரலாம், கல்யாணம் கட்டலாம், தசமபாகத்தில் கவலையின்றிக் காலம் தள்ளலாம். தோட்டத்தோடு கூடிய குருமனை, ஞாயிறுதோறும் ஒரு பிரசங்கம், மிச்ச நாளில் தேனீ வளர்ப்போ பழங்கல் ஆராய்ச்சியோ. இங்கிலாந்தில் படித்த பலர் கனவு கண்ட வாழ்க்கை அது. வரிசையில் நின்றிருந்தால் ராக்லண்டுக்கும் ஒன்று கிடைத்திருக்கும்.

அவர் 1846 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிதம், வரவு செலவு, சண்டை சமாதானம் எல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தபோதுதான் அந்த யோசனை எழுந்தது: தெற்கே சபைகள் பெருகிவிட்டன, அங்குள்ள மிஷனெரிக்குத் தன் சபையைக் கவனிக்கவே நேரம் போதவில்லை, வடக்கே யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகையால் சபையும் பங்களாவும் பள்ளிக்கூடமும் இல்லாமல், கூடாரத்தோடு ஊர் ஊராகப் போகிற ஒரு குழு வேண்டும். இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் ஆள் சேர்த்தார். டேவிட் ஃபென், மெடோஸ் என்று கேம்பிரிட்ஜில் படித்த இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். 1854இல் வேலை தொடங்கியது. சிவகாசி அவர்களுக்கு நடுமையம்.

ஒரு ஊர்ப் புளியந்தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ கூடாரம் அடிப்பது. விடிகாலையில் கிளம்பிச் சுற்றுப்பட்டிகளுக்கு நடப்பது. வெயில் ஏறினால் திரும்பிவிடுவது. சாயங்காலம் மறுபடி நடை. சுற்று முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊர். வெயில் காலத்தில் கரிசல் மண் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி அடைமழையில் அதே மண் பசையாகிச் செருப்போடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டி அச்சு வரை இறங்கிவிடும். கூடார முளை கோடையில் இறங்காது, மழையில் நிற்காது. இந்தக் காட்டில் உழுதவருக்கு இதெல்லாம் புதிதில்லை. கேம்பிரிட்ஜிலிருந்து வந்தவர்களுக்கு ஒவ்வொரு மழையும் ஒரு பாடம்.

ஆங்கிலேயக் குரு ஒருவர் தன் நாட்டுச் சேகரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பியது இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி. எல்லை கிடையாது, கோயில் கிடையாது, தசமபாகம் கிடையாது, முன்வரிசையில் வந்தமரும் மிராசுதார் கிடையாது, பதிவேட்டில் எழுத ஆள்கூடக் கிடையாது. ராக்லண்டு தன் காலத்தில் வடக்கே பெரிய சபை எதையும் பார்க்கவில்லை. 1858 அக்டோபர் 22ஆம் தேதி சிவகாசியில், நுரையீரல் நோயால் ரத்தம் கக்கி, 43 வயதில் இறந்துபோனார். சரியாகப் பத்து நாள் கழித்து, நவம்பர் 1ஆம் தேதி, கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி தொடங்கியதாகப் பிரகடனம் வாசிக்கப்பட்டது.

*

ராக்லண்டின் பெயரால் புத்தகங்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் நண்பர் பெரோன் எழுதிய வாழ்க்கை வரலாறு உண்டு. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் எழுதியது உண்டு. ஆனால் இந்தச் சுற்றுப்பயணக் குழு ஓடியது வெள்ளைக்காரர் மூவரின் கால்களால் மட்டும் அன்று. தெற்கே மெஞ்ஞானபுரம் மாதிரி ஊர்களை உள்ளடக்கிய பகுதிகளின் சபைகள், தங்கள் உபதேசியார்களை முறை வைத்து வடக்கே அனுப்பின. ஒரு ஆள் ஒரு மாதம். அவருடைய செலவு அனுப்புகிற சபையின் பாடு. பனையேறியும் கருப்பட்டி காய்ச்சியும் வயிறு கழுவுகிற சனங்கள், தாங்கள் கண்ணால் பார்த்திராத சிவகாசிப் பட்டிகளுக்காக முடிச்சை அவிழ்த்தார்கள். டபிள்யூ. டி. சத்தியநாதன் போன்ற தமிழர்கள் கூடார வாழ்க்கையில் முழுநேரமாக இருந்தார்கள். பின்னாளில் சென்னை சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் குருவாகிப் பெயர் பெற்றவர் அவர். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான கிருபாபாய் அவருடைய மருமகள்.

கூடாரம் நெடுநாள் கூடாரமாகவே இருக்க முடியவில்லை. சேர்ந்தவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஆள் வேண்டும். செத்தவர்களைப் புதைக்க இடம் வேண்டும். சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் எழுந்தது, கோயிலும் பள்ளிக்கூடமுமாக. ஒரு ஊரில் நாலு குடும்பம், இன்னொரு ஊரில் ஏழு குடும்பம் என்று சிதறிக் கிடந்தவர்களையெல்லாம் ஒரு குருவின் பொறுப்பில் சேர்த்துக் கட்டியதுதான் சேகரம். சேகரத்துக்குச் சேகரகுரு. ஊர்ச் சபைக்கு உபதேசியார். கோயில் கூட்டி, மணி அடித்து, விளக்கேற்ற ஒரு கோயில்பிள்ளை.

இங்கிலாந்துச் சேகரம் நிலத்தைச் சுற்றி எல்லைக் கல் நட்டு அதற்குள் இருந்தவரையெல்லாம் தன்னவர் என்றது. கரிசல் சேகரத்துக்கு அப்படி எல்லைக் கல் நட வழியில்லை. அது ஆட்களின் கோவை. இடையில் பத்து ஊர் தாண்டியும் போகும். சொந்தபந்தம் எப்படி ஊர் தாண்டிப் பரவிக் கிடக்குமோ, குலதெய்வக் கும்பிடு எப்படிப் பல ஊர்க்காரரை ஒரு கோயிலில் சேர்க்குமோ, அந்த வழியில்தான் சேகரமும் படர்ந்தது. கரிசல் சனத்துக்குப் பழக்கமான அமைப்பு அது. புதுசாகக் கற்றுக்கொள்ள ஏதுமில்லை.

வரும்படி? தசமபாகம் கட்டாய வரி. வசூலிக்கச் சட்டம் இருந்தது. அதற்கு எதிராக இங்கிலாந்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாக முணுமுணுத்து, 1836இல் சட்டம் போட்டு அதைப் பணமாக மாற்ற வேண்டியதாயிற்று. இங்கே கேட்டு வாங்க எந்தச் சட்டமும் இல்லாததால், கொடுக்கிற முறைகளைச் சனங்களே கண்டுபிடித்தார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள் வீட்டுக்காரி. வாரக் கடைசியில் அது கோயிலுக்கு வரும். நெல் விளையாத கரிசலில் அந்தப் பிடி கம்பாகவும் சோளமாகவும் இருந்திருக்கும். ஆணின் கைக்கு வராத, கணக்கில் ஏறாத சேமிப்பு அது. கொடுப்பதும் கொடுக்காததும் பெண்ணின் முடிவு. அதற்கு மேல் சங்கக் காணிக்கை, பிள்ளை பிறந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை, கல்யாணத்துக்கு ஒன்று.

அறுப்பின் பண்டிகை வந்தால் பார்க்க வேண்டும். பூசணி, வாழைத்தார், பருத்தி மூட்டை, கட்டுச் சோளத்தட்டை, கால் கட்டிய சேவல், ஒரு வெள்ளாட்டுக் குட்டி எல்லாம் கோயில் வாசலில் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கூறுபவர் நாக்கில் சனி இருக்கும். கஞ்சன் என்று பேர் எடுத்தவரைப் பார்த்துத்தான் விலையை ஏற்றுவார். ஐம்பது ரூபாய் பெறாத பூசணி ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் அதையே திரும்பக் கோயிலுக்குக் கொடுப்பார்; மறுபடி ஏலம். ஒரே சேவல் மூன்று முறை விலைபோய் மூன்று முறையும் வாசலிலேயே நிற்கும். பிறகு அசனம்: ஊரார் எல்லோருக்கும் ஒரே பந்தியில் சோறும் கறியும். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் ஆட்டுக்கும் அரிசிக்கும் கொடுப்பார்கள், பந்தியிலும் உட்காருவார்கள். மாரியம்மன் பொங்கலுக்கு வரி பிரித்து, கிடா வெட்டி, ஊருக்குச் சோறு போட்டுப் பழகிய கைகள்தான் இவை. கோயில் மாறியது; அண்டாவும் அகப்பையும் அதே ஊரில்தான் புழங்கின.

*

சேகரத்தின் சிறப்பை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியாகாது. எல்லைக்குள் இருப்பவரெல்லாம் நம்மவர் என்பதே இங்கிலாந்துச் சேகரத்தின் சொல். அங்கும் முன்வரிசைப் பலகை பண்ணையாருக்கு, கடைசி வரிசை கூலிக்காரனுக்கு. ஆனால் கதவு அடைபடவில்லை, கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஆறடி இருந்தது. இங்கே ஊர்க்கோயில் வாசலிலேயே கேள்வி எழுந்தது. சிவகாசி விசுவநாத சுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு நாடார்கள் எழுப்பிய வழக்கும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் 1899 ஜூன் 6ஆம் தேதி ஊரையே கொளுத்தும் கலவரமாக வெடித்தது. சுற்றுப்பட்டிகளுக்கும் தீ பரவி, பட்டாளம் வந்துதான் அடங்கியது. அதே உரிமையைக் கேட்ட கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. 1939இல் மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்த பிறகுதான், 1947இல் சட்டமும் வந்த பிறகுதான், இந்த அத்தியாயம் எழுத்தளவிலாவது மூடியது.

இந்தக் காலம் முழுதும் சேகரத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. உள்ளே நுழைந்தவர்கள் சாதியையும் கூட்டிக்கொண்டுதான் நுழைந்தார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பழைய வட்டத்துக்குள்ளேயே நின்றது. ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு கல்லறைத் தோட்டம் என்று பிரிந்த இடங்களைத் தென் மாவட்டங்களில் இன்றும் காட்ட முடியும். ஞாயிற்றுக்கிழமை நற்கருணைப் பாத்திரம் ஒன்று; திங்கட்கிழமை தெரு இரண்டு. இதைக் கரைக்கச் சேகரத்தால் முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் அது உண்மையான மாற்றத்தைச் செய்தது. பையன்களும் பெண்களும் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ஒரே கரும்பலகையைப் பார்த்தார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளியும் விடுதியும் வந்ததும், உபதேசியார் மகள் வாத்தியாரம்மா ஆனாள். அவளிடம் படித்த கரிசல் காட்டு விவசாயி மகள் அடுத்த வாத்தியாரம்மா ஆனாள். கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களுக்கும் சாட்சியாபுரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம்தான்.

அமைப்பும் கைமாறியது. 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் ஆனது. 1903 பிப்ரவரி 12ஆம் தேதி பாளையங்கோட்டையில், வே. ச. அசரியா முன்னின்று, இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது: தெலுங்கு நாட்டுக்குத் தமிழர்களே தங்கள் காசில் ஆள் அனுப்பினார்கள். சிவகாசிப் பட்டிகளுக்கு மாதம் ஒரு உபதேசியாரை அனுப்பிப் பழகிய அதே சீமை, அதே ஏற்பாட்டைக் கிருஷ்ணா கோதாவரி வரை நீட்டியது. 1912இல் அசரியா தோர்ணக்கலின் பேராயர் ஆனார். ஆங்கிலத் திருச்சபை வரிசையில் இந்தியர் ஒருவர் பேராயராவது அதுவே முதல் தடவை. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதும், அமெரிக்க மிஷனின் மதுரைச் சபைகளும் சிவகாசிப் பக்கத்துச் சபைகளும் மதுரை–ராமநாதபுரம் திருமண்டலத்துக்குள் வந்தன. கேம்பிரிட்ஜிலிருந்து வந்தவர்கள் தொடங்கிய வேலை அத்தோடு தென்னிந்தியத் திருச்சபையின் கைக்கு வந்தது.

*

இங்கிலாந்துச் சேகரத்தின் மற்ற வேலைகள், அதாவது பதிவேடு, ஏழைச் சோறு, ஊர்க்கூட்டம், வாரவிடுமுறை ஆகியவை, எம். புதுப்பட்டிக்கு யார் மூலம் வந்தன?

பதிவேடு சர்க்கார் வழியாக வந்தது. சிவகாசி எரிந்த அதே 1899இல்தான் சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. கிராமங்களில் எழுதும் பொறுப்பு ஊர் அதிகாரிக்கு. குரோம்வெல்லின் உத்தரவுக்கு 361 வருஷம் பிந்தி. அதுவரை ஞானஸ்நானப் பதிவேட்டில் ஏறிய பிள்ளைக்கு மட்டும்தான் தேதியோடு பிறந்தநாள் இருந்தது. மற்றவர்கள் தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தியா பிந்தியா என்று வயசு சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்கிற வழக்கமும் சேகரத்துக்குள் மட்டும்தான். எல்லோருக்கும் திருமணப் பதிவு கட்டாயம் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல்தான் வந்தது.

ஏழைச் சோற்றுக்கு இங்கே ஊர் வரி எதுவும் கிடையாது. 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்தது. மிஷனும் தானியம் கொடுத்தது. அந்த வருஷங்களில் திருநெல்வேலிச் சபைகளில் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்ததற்குச் சோறு ஒரு காரணம், துணைக்கு ஒருவர் நின்றார் என்ற நினைப்பு இன்னொரு காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு யாராலும் முடியாது.

ஊர்க்கூட்டத்தின் பயணம் இன்னும் சுவையானது. இங்கிலாந்தில் 1894ஆம் வருஷச் சட்டம், ஊர் வேலைகளைக் கோயில் அறையிலிருந்து பிடுங்கித் தேர்தலில் வென்ற சேகர மன்றத்திடம் கொடுத்தது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1994இல், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. இடையில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982இல் அதைச் சரி என்றது. கர்ணம் வீட்டுப் பரணில் இருந்த கணக்கு கிராம நிர்வாக அலுவலர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் கோயிலிடமிருந்து பறித்ததை இங்கே குடும்பங்களிடமிருந்து பறிக்க வேண்டியிருந்தது. அதிகாரம் எங்கே குடியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வழிதான் யாரும் எதிர்பாராதது. இந்தப் பட்டாசுச் சீமையில் விடிந்ததும் பயர் ஆபீஸ் என்று சொல்லப்படும் பட்டாசு ஆலையின் வேன் வந்து ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும்; சனிக்கிழமை கைக்குச் சம்பளம்; ஞாயிறு லீவு. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தின் முதல் நாளை ஓய்வு நாளாக வைத்ததன் பலன் இது. கறிக்கடை வாசலில் அன்றைக்குத்தான் கூட்டம். பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய், துணி துவைப்பு, பெண் பார்க்கப் போவது எல்லாம் அன்றைக்குத்தான். ராக்லண்டின் குழு நடையாய் நடந்தும் ஊர் முழுக்கக் கடைப்பிடிக்கச் செய்ய முடியாத ஞாயிறை, மருந்து வாடை அடிக்கும் பயர் ஆபீஸ் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அதே ஆபீஸ்தான் சில நாட்களில் ஊரின் சாவுப் பதிவேட்டையும் நிரப்புகிறது. 2023 அக்டோபர் 17ஆம் தேதி, தீபாவளிக்கு முந்திய நெரிசலில், இந்தப் பக்கத்து ரெங்கபாளையத்தில் நடந்த வெடிவிபத்தில் கூலிக்குப் போன பெண்கள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களை வீடுகள் தங்கள் தங்கள் முறைப்படி தனித்தனியே அடக்கம் செய்தன. ஆனால் நிவாரணத் தொகையும் நீதியும் கேட்டு நிற்கையில் எல்லாத் தெருவும் ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். இங்கே சாதியும் சாமியும் பிரித்த சனத்தை, பள்ளிக்கூடத்துக்குப் பிறகு, ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்த இடம் வேலைத்தலம்தான். அது நல்லதுக்கும் உண்மை, கெட்டதுக்கும் உண்மை.

எனவே எம். புதுப்பட்டி மாதிரி ஒரு ஊரின் வரலாற்றுக்கு ஒற்றைப் பெட்டி தேடுவது வீண். கிராம நிர்வாக அலுவலகத்து அடங்கல், சேகரத்து ஞானஸ்நானப் பதிவேடு, பூசாரி வாயில் இருக்கும் வகையறாக் கணக்கு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு, தொழிற்சாலைச் சம்பளச் சீட்டு என்று ஐந்து வாசல் ஏறி இறங்க வேண்டும். அப்படி ஏறி இறங்கினால் ஒரு சங்கதி துலங்கும்: எல்லாவற்றையும் ஒரே கைக்குள் அடக்க வந்த எந்த அமைப்பும், திருச்சபையானாலும் சர்க்காரானாலும், இந்த மண்ணில் முழுசாக நிற்கவில்லை. தனக்கு வேண்டிய பங்கை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியைச் சனங்கள் விட்டுவிட்டார்கள். இங்கிலாந்துச் சேகரத்தின் நிலமும் தசமபாகமும் கரிசலில் வேர் பிடிக்கவில்லை. உபதேசியாரும் பள்ளிக்கூடமும் பிடி அரிசியும் பிடித்தன. சட்டம் போட்டு வாங்கியதைவிட, உலை வைக்கிறவள் தானாக எடுத்து வைத்தது நீடித்தது.

அந்த ஞாயிறு லீவு இந்தச் சீமைக்கு வர வேண்டுமென்றால் முதலில் இங்கே தொழிற்சாலை வந்திருக்க வேண்டும். கலவரத்தில் எரிந்த சிவகாசியிலிருந்து 1922இல் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். மழை பொய்த்த கரிசல் காடு தீக்குச்சி காயவைக்கத் தோதான களமாக மாறிய அந்தக் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)